முதல் மாத்திரை

அந்த நர்ஸம்மாவை ஏரிக்கரை இருளர் குடிசைகளுக்கு என் ஆட்டோவில்தான் அழைத்துப் போவேன். ஒல்லியான உடம்பு, புடவைக் கரையெல்லாம் சேறு. கர்ப்பமான பெண்ணிடம் சத்து மாத்திரையை நீட்டுமுன், தானே ஒன்றை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பார்.

"இன்னா நர்ஸம்மா, உங்களுக்குமா ரத்தம் கம்மி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இது புள்ளையே பொறக்காம பண்ற மாத்திரைன்னு பயப்படுறாங்கப்பா. நான் முழுங்கினாத்தான் அவங்க முழுங்குவாங்க."

அன்று ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி. கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். ரத்தமே இல்லாமல் வெளுத்திருந்தது. வழக்கம்போல் ஒன்றை விழுங்கிக் காட்டினார்.

"நீ முழுங்குவ. உன் வயித்துல புள்ளயா கீது?" என்றாள் அவள்.

நர்ஸம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, அவர்கள் கும்பிடும் கன்னியம்மா கல்லின் முன் மாத்திரை அட்டையை வைத்தார். "நீ குடு தாயே, என்கிட்ட வாங்க மாட்டேங்கறா" என்று கைகூப்பி அழுதார். அந்தப் பெண் வந்து அட்டையை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். விழுங்கவில்லை.

மறுவாரம் போனால் குடிசை காலி. குடும்பத்தோடு செங்கல் சூளை வேலைக்குப் போய்விட்டார்களாம். எந்தச் சூளை என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.

"வழியில எந்தச் சூளை வந்தாலும் நிறுத்துப்பா" என்றார். நிறுத்தினேன். ஒவ்வொன்றிலும் இறங்கித் தேடிவிட்டு, அவளைக் காணாமல் ஆட்டோவில் வந்து உட்கார்ந்தார்.

பிறகு நர்ஸம்மா வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். இன்றும் சூளைப் புகையைக் கண்டால் என் கால் தானாகப் பிரேக்கை மிதிக்கிறது.