மூன்று பந்தயத்துக்கும் ஒரே உடுப்பு

நீந்தி, ஈரத்தோடு கரையேறி, சைக்கிள் ஓட்டி, அதே மூச்சில் ஓடவும் வேண்டும். இந்த மூன்றுக்கும் ஒரு மனிதன் என்னதான் உடுத்துவது?

ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு வந்திருக்கும் கேள்வி இது.

வரவழைத்தவன் மனோ, என் மனைவியின் தம்பி. இந்த மூன்றும் சேர்ந்த டிரையத்லான் பந்தயத்தை மூன்று முறை முடித்தவன். ஒவ்வொன்றுக்கும் நாற்பது படம் போட்டவன்.

தீபாவளி விருந்தில் எனக்கு ஆட்டுக்கறி பரிமாறிக்கொண்டே, "அத்தான், நீங்களும் வாங்க. ஃபினிஷிங் லைன்ல உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன்" என்றான்.

மேசையே சிரித்தது. (யார் யார் சிரித்தார்கள் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.)

கை கழுவியதும் போனை எடுத்துப் பெயரைப் பதிந்துவிட்டேன்.

விதிகளை அப்புறம்தான் படித்தேன். குறித்த நேரத்துக்குள் நீந்தி முடித்துச் சைக்கிளில் ஏறவேண்டும். இல்லையென்றால் அதோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நான் நீந்தும் லட்சணத்துக்கு, உடை மாற்ற மிஞ்சுவது நான்கு நிமிடம்.

நான்காவது நிமிடம் தாண்டினால் நாற்காலி எனக்குத்தான்.

என் முதல் திட்டம் கைலி. கோயில் குழாயடியில் நூறு பேர் நடுவே, ஈர வேட்டிக்குள்ளிருந்து உலர்ந்த வேட்டிக்கு மாறத் தெரியாதவனா நான்? நீச்சல் கால்சட்டையோடு கரையேறுவேன். கைலியைத் தலைவழியாகப் போட்டு, நுனியைப் பல்லில் கடித்து, உள்ளே சைக்கிள் கால்சட்டைக்கு மாறிவிடுவேன்.

சிங்கப்பூரில், சுவா சூ காங்கில் இருக்கும் எங்கள் வீட்டிலேயே ஒத்திகை பார்த்தோம். குளியலறைதான் கடல். வரவேற்பறைதான் உடை மாற்றும் இடம். மனைவி கமலா போனில் நேரம் பார்த்தாள்.

ஒன்று தெரிந்துகொண்டேன். இறுக்கமான கால்சட்டை ஈரத் தொடையில் ஏறாது. முழங்காலுக்கு மேல் சுருண்டு கயிறாகி நின்றுவிடும். இழுக்க இரண்டு கை வேண்டும், கைலியைப் பிடிக்கப் பல் வேண்டும், மூச்சு விட வாய் வேண்டும்.

கமலா போனை நீட்டினாள். "ஒன்பது நிமிஷம் இருபது செகண்ட். கைலி மட்டும் கீழ வந்து சேர்ந்துடுச்சு."

ஆக, மாற்றாமலே இருப்பதுதான் வழி. அதற்கென்றே டிரைசூட் என்று ஒன்று இருக்கிறது. கையும் காலும் பாதி வரை வரும் ஒரே உடுப்பு. அதிலேயே நீந்தலாம், ஓட்டலாம், ஓடலாம்.

வாங்கிப் பிரித்ததும் எனக்குப் பல சந்தேகங்கள் வந்தன. இருக்கைப் பகுதியில் மெல்லிய பஞ்சு தைத்திருக்கிறது, அது தண்ணீரைக் குடித்துக் கனக்காதா? (கனக்காது. வாளியில் முக்கிப் பார்த்தேன்.) உள்ளே ஜட்டி உண்டா? (கிடையாதாம். கமலாவிடம் இதைச் சொல்லவே இரண்டு நாள் ஆனது.)

போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். மனோவின் கிண்டல்களுக்கு நான் விழுங்கிய இருபது வருடக் கோபம் முழுவதும் வயிற்றில்தான் சேர்ந்திருக்கிறது என்று தெரிந்தது. தொடை முடியும் இடத்தில் ரப்பர் பட்டை ஒன்று கவ்வுகிறது. நாலு எட்டு வைத்தாலே அறுக்கிறது.

இதோடு மனோவின் முன்னால் நிற்பதா? அவன் எடுக்கப்போகும் படத்தை நினைத்தேன். விலகிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

நேற்று காலை அதை ஒரு பையில் சுருட்டிக்கொண்டு லிட்டில் இந்தியாவுக்குப் போனேன். கமலாவுக்கு ரவிக்கை தைக்கும் மேரி அக்காவின் கடை அங்கேதான். இரண்டு பக்கமும் துணி வைத்துக் கொஞ்சம் தொளதொளப்பாக்கித் தரமுடியுமா என்று மெல்லக் கேட்டேன்.

அவர் துணியை இழுத்துப் பார்த்தார். "தண்ணிக்குள்ள போறதா? அப்ப தொளதொளன்னு இருந்தா பை மாதிரி தண்ணி பிடிச்சுக்கும் தம்பி. போட்டுட்டு வாங்க, பாக்கறேன்."

திரைக்குப் பின்னால் மாற்றிக்கொண்டு வெளியே வந்தேன். ரவிக்கைக்காகக் காத்திருந்த மூன்று பெண்களும் நிமிர்ந்தார்கள். இதோ சிரிக்கப்போகிறார்கள் என்று பல்லைக் கடித்தேன்.

மகளின் கல்யாண ரவிக்கைக்கு வந்திருந்த அம்மா எழுந்து வந்து என்னை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"தோள் சரியா உக்காந்திருக்கு லா. கை கொஞ்சம் ஏறுது."

இன்னொருவர், முதுகு சுருங்காமல் இருக்கிறது, யார் தைத்தது என்று விசாரித்தார். மூன்றாமவர், இந்த நீலத்துக்குப் பதில் கறுப்பு எடுத்திருக்கலாம் என்று வருத்தப்பட்டார்.

வயிற்றைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. அவர்களுக்கு நான் ஆளே இல்லை, தையல்தான் தெரிந்தது. இவ்வளவு நிம்மதியாக நான் எந்தக் கூட்டத்திலும் நின்றதில்லை.

மேரி அக்கா மட்டும் குனிந்து தொடைப் பட்டையைப் பார்த்தார். "இதுதான் தப்பு. பட்டை சின்னது, அதான் வெட்டுது." ரப்பரைப் பிரித்துவிட்டு, மூன்று விரல் அகலத்துக்கு வழவழப்பான இழுபடும் துணியை மடித்துத் தைத்துக் கொடுத்தார். அரை மணி நேர வேலை.

வீட்டில் மறுபடி ஒத்திகை. குளியலறையிலிருந்து வந்து, துடைத்து, சப்பாத்து போட்டு, ஹெல்மெட் மாட்ட இரண்டு நிமிடம் பத்து விநாடி. தொடை அறுக்கவில்லை.

மனோ படம் எடுக்குமுன் நானே எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். வயிற்றை உள்ளே இழுக்காமல் நின்று, கமலாவை எடுக்கச் சொல்லி, குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். தொடைப் பட்டையை அக்கா மாற்றிக் கொடுத்ததையும் கீழே எழுதினேன்.

சிலர் கட்டைவிரல் போட்டார்கள். மனோ ஒன்றும் போடவில்லை.

பத்து நிமிடம் கழித்து எனக்கு மட்டும் தனியாகக் குரல் செய்தி அனுப்பினான். மெதுவாகப் பேசினான்.

"அத்தான், அந்தத் தொடைப் பட்டை யாரு தைச்சா? மூணு ரேஸும் எனக்கு ரத்தம் வந்துடுச்சு. யார்கிட்டயும் சொல்லல. அட்ரஸ் குடுங்களேன்."

நான்கு முறை கேட்டேன். நாற்பது படத்திலும் பல்லைக் காட்டி நின்றவன்!

கமலா உடனே அனுப்பச் சொல்கிறாள். போட்டிக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.

நண்பர்களே, போட்டி முடிந்த மறுநாள் அனுப்பினால் அது பெரிய பாவமா?