கீழே ஒன்றுமில்லை என்றேன்

என் தங்கைக்கும் எனக்கும் சேர்த்து ஒரே ஒரு மடிக்கணினி. அதற்குள் இரண்டு இயங்குதளங்கள். லினக்ஸ் அவளுடையது, விண்டோஸ் என்னுடையது. வெளியூரில் இருக்கும் என் மகள்தான் வாங்கி அனுப்பினாள். "ரெண்டு பேரும் ஒரே வீட்லதான இருக்கீக, ஆளுக்கொண்ணு எதுக்கு?" என்றாள். ஒரே வீட்டில் நாங்கள் எப்படி இருந்தோம் என்பது அவளுக்குத் தெரியாது.

தங்கைக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. சூலக்கரையில் ஓர் அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியவன். என் மனைவி இறந்த பிறகு தங்கை விருதுநகரில் என் வீட்டுக்கு வந்தாள். அவளை நான் சேர்த்துக்கொண்டேன் என்றுதான் எல்லாரிடமும் சொல்லிவந்தேன். சமைத்துப் போட்டது அவள்.

பிறகு கண்ணழுத்த நோய் எனக்கு வந்தது. வலது கண் முழுதாகப் போயிற்று. இடது கண்ணில் கொஞ்சம் மிச்சம். லென்ஸைப் பிடித்துக்கொண்டு திரையில் மூக்கு முட்டும்படி குனிந்தால் நாலைந்து வரி தெரியும். அதற்கு மேல் தலை வெடிக்கும். ஆக, திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடரிடம் நானும் போய்ச் சேர்ந்தேன். அதில் அவள் பழம் தின்று கொட்டை போட்டவள்.

"வாங்க, வாங்க. எங்க சங்கத்துக்கு வந்துட்டீக" என்றாள் முதல் நாளே. "அரைக் கண்ணு மெம்பருக்கு ஓட்டுரிமை கிடையாது, தெரியும்ல?"

அவள் சிரித்ததை நான் மறக்கவில்லை.

அவள் பக்கத்து ஸ்கிரீன் ரீடர் சரவெடிக்குத் தீ வைத்ததுபோலப் பொரிந்து தள்ளும். அந்த வேகத்தில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. என் பக்கத்துக் குரல் பிரசங்கியார்போல நிறுத்தி நிறுத்திப் பேசும். "இது வாசிச்சு முடிக்கங்குள்ள ஞாயித்துக்கிழமை வந்துரும்" என்பாள். ஒரு பக்கத்தில் பழகிய விசை மறுபக்கத்தில் வேறு வேலை செய்யும். அதன் வாயை மூடவைக்கும் கண்ட்ரோல் விசை மட்டும் இரண்டு பக்கமும் ஒன்று. ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கையில் மற்றவர் எட்டி அந்த விசையைத் தட்டுவது எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டது. நான் ஹெட்போன் ஒயரை வேண்டுமென்றே சிக்கலாக்கி வைத்துவிட்டு எழுந்ததும் உண்டு.

அவளுக்கு ஒரு வேலை இருந்தது. சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனிக்குத் தினசரித் தாள்களின் புரூஃப் பார்த்துக் கொடுத்தாள். தேதி, கிழமை, திதி, ராகு காலம், பண்டிகை எல்லாவற்றையும் அந்தப் பொரியும் வேகத்தில் காதால் கேட்பாள். கண் தாண்டிப் போகும் பிழை அவள் காதில் இடறும். ஒரு வருடம் இரண்டு புதன்கிழமை அடுத்தடுத்து விழுந்திருந்ததைப் பிடித்தாள். ஆடிப் பதினெட்டுக்கு, கடைகளில் காட்டி ஆர்டர் பிடிக்கும் புதுக் காலண்டர் மாதிரி ஆல்பங்கள் வெளியே வந்தாக வேண்டும். அதற்கு முந்திய வாரங்களில் அவளோடு பேச முடியாது.

"ஞானஸ்நானம் வாங்குனவ ராகு காலம் பாத்துக் குடுக்கா" என்று குத்துவேன்.

"பாத்துத்தான் குடுக்கேன். உங்களமாதி பாத்துக்கிட்டுக் கிளம்பல" என்பாள். என் மகளைப் பெண் பார்க்க வந்த நாளில் ராகு காலம் கழியட்டும் என்று நான் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து வாசலுக்குப் போனதை அவள் காதாலேயே கண்டுபிடித்திருந்தாள்.

அந்த வேலைதான் அவளுடைய கௌரவம். இந்த வீட்டில் யாருடைய தயவாலும் வராத ஒன்று அவளிடம் இருந்தது என்றால் அது ஒன்றுதான். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

இந்த வருடம் சீசன் நெருக்கத்தில் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் நடந்தது. வேதபாடம் வாசிப்பது எப்போதும் நான்தான். கண் போனதைச் சபையாருக்குக் காட்டிக்கொள்ள மனமில்லை. கணினியை மடியில் வைத்து, ஒரு காதில் மட்டும் ஹெட்போனைச் செருகி, ஸ்கிரீன் ரீடர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னேன். ஒரு வசனத்துக்கும் அடுத்த வசனத்துக்கும் இடையில் மௌனம் விழுந்தது.

"அண்ணே, அதோட வேகத்தக் கொஞ்சம் கூட்டுங்க" என்றாள் தங்கை, எல்லாருக்கும் கேட்கும்படி. "சபை தூங்கிரப் போகுது."

போதகர் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து அவளை அடிக்க ஒரு கம்பு தேடிக்கொண்டிருந்தேன்.

அது தானாகவே கைக்கு வந்தது. ஒரு காலையில் கணினி அவள் பக்கத்துக்குப் போகாமல் நேராக என் பக்கத்துக்கே வந்து நின்றது. அணைத்துப் போட்டாள். மறுபடி அப்படியே. ஏன் என்று அவளுக்கும் தெரியவில்லை. பார்த்துவைத்த பாதித் தாள்கள், அவள் திருத்திய குறிப்புகள் எல்லாம் அவள் பக்கத்தில் இருந்தன. என் பக்கத்திலிருந்து அவற்றைத் திறக்க முடியாது.

வழி ஒன்று உண்டு. கணினி எழும்போதே ஒரு விசையை அழுத்தினால், எந்தப் பக்கம் போகவேண்டும் என்று கேட்கும் பட்டியல் வரும். ஆனால் அந்தத் திரையில் அவளுடைய ஸ்கிரீன் ரீடரும் பேசாது, என்னுடையதும் பேசாது. இரண்டுமே அப்போது எழுந்திருக்காது. அங்கே கண் வேண்டும். கண்டபடி தட்டினால் எதையாவது அழித்துவிடுவோம் என்று அவளுக்குப் பயம்.

"அண்ணே" என்று கூப்பிட்டாள். அவள் என்னிடம் உதவி கேட்டு வருடங்கள் ஆகியிருந்தன. "லென்ஸச் செத்த எடுத்துட்டு வாங்க. இங்கன என்ன எழுதியிருக்குன்னு சொல்லுங்க."

குனிந்து பார்த்தேன். முதல் வரியில் விண்டோஸ். அதற்குக் கீழே, வெள்ளை எழுத்தில், அவள் பக்கத்தின் பெயர். தெளிவாகத் தெரிந்தது.

"ஒரு வரிதான் இருக்கு. என்னுது."

"கீழ?"

"கீழ ஒண்ணுமில்ல."

"நல்லாப் பாருங்க அண்ணே. அங்கன ரெண்டாவதா ஒண்ணு இருக்கணும்."

லென்ஸைத் துடைத்தேன். துடைக்க ஒன்றும் இல்லை. "இல்ல பிள்ள. அம்புட்டுத்தான்."

"அப்ப அழிஞ்சு போச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு சிவகாசிக்குப் போன் போட்டாள். கம்பெனிக்காரர் வருத்தப்பட்டார். "ஆடிப் பதினெட்டுக்குள்ள ஆல்பம் போயாகணும்க்கா. ஆர்டர் நிக்குது. வேற ஆளப் பாத்துக்கிடுறேன்" என்றார். சரி என்றாள். அடுக்களைக்குப் போய் உலை வைத்தாள்.

நான் அப்போதே சொல்லியிருக்கலாம். கண் கூசியது, இப்போது தெரிகிறது என்று ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை. எனக்குத் திருப்தியாக இருந்தது. அதை மறைத்து எழுதுவதற்கு இதை எழுதவே வேண்டாம்.

சில நாள் கழித்து பஜாரிலிருந்து கணினி சரிசெய்பவர் வந்தார். பட்டியலைத் திறந்ததுமே, "ரெண்டாவது வரியில இருக்கேம்மா, ஒண்ணும் அழியல" என்றார். உள்ளே போனார். அந்தச் சரவெடிக் குரல் பொரியத் தொடங்கியது. தாள்கள் எல்லாம் அப்படியே இருந்தன. சிவகாசியிலோ வேலை வேறு கைக்குப் போய்விட்டிருந்தது.

தங்கை காசைக் கொடுத்து அவரை அனுப்பினாள். போனதும் என் பக்கம் திரும்பினாள். இப்போது பிடிபட்டோம் என்று நினைத்தேன்.

"மிச்சக் கண்ணும் போயிருச்சா அண்ணே?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றேன்.

அன்றிலிருந்து அவள் என்னைக் கேலி செய்வதை விட்டுவிட்டாள். காப்பியைக் கையில் கொண்டுவந்து கொடுத்தாள். என் பக்கத்து விசைகளை ஒவ்வொன்றாக, என் வேகத்துக்குச் சொல்லிக்கொடுத்தாள். "எனக்குப் பிறந்ததுல இருந்தே இல்ல. உங்களுக்கு இருந்து போகுது. அது வேறதான்" என்றாள். என் மகளிடம் போனில், "அத்தை பாத்துக்கிடுறேன், நீ கவலப்படாத" என்றாள். நானோ அவள் முன்னால் தட்டுத்தடுமாறி நடக்கவும் கற்றுக்கொண்டேன். அவளால் பார்க்க முடியாது, ஆனால் காலடிச் சத்தம் கேட்கும். சுவரில் வேண்டுமென்றே கையை இடித்துக்கொண்டேன்.

ஒரு காலையில், பக்கத்து வீட்டு நர்ஸம்மாவிடம் அவள் ஸ்டிக்கர் பொட்டு வாங்கிவந்து, என் விரல் அடையாளம் காண்பதற்காக விசைகளின் மேல் ஒட்டிக்கொண்டிருந்தாள். "வேதக்கார வீட்ல பொட்டு எதுக்குன்னு நர்ஸம்மா சிரிக்கா" என்றாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அன்னைக்கு ரெண்டாவது வரி தெரிஞ்சுச்சு" என்றேன்.

"என்னது?"

"நல்லாத் தெரிஞ்சுச்சு. இல்லன்னு சொன்னேன்."

அவள் கை நின்றது. ஒட்டிய பொட்டுகளை நகத்தால் பெயர்த்து எடுத்தாள். அவசரப்படவில்லை.

"ஏன்னு கேக்க மாட்டேன்" என்றாள். "கம்பெனிக்குப் போன் போடுங்க. ஸ்பீக்கர்ல."

போட்டேன். கம்பெனிக்காரர், "சொல்லுங்க சார், அக்கா நல்லாருக்காகளா?" என்றார். எங்கள் சொந்தத் தகராறை, இந்த வயதில், முகம் பார்த்திராத ஒருவரிடம் வாக்கியம் வாக்கியமாகச் சொன்னேன். அந்தப் பக்கம் அச்சு இயந்திரம் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. "இப்ப என்ன சார் பண்றது, வேலை பாதிக்கு மேல ஓடிருச்சு" என்றார் கடைசியில்.

தங்கை போனை வாங்கினாள். "அடுத்த வருசம் எனக்குத்தான். வாசிச்சுச் சொல்ல ஆளை மாத்திக்கிடுறேன்."

"பாப்போம்க்கா."

"பாப்போம் வேணாம். ஆமான்னு சொல்லுங்க."

"கூப்பிடுறேன்க்கா" என்று வைத்துவிட்டார். இன்னும் கூப்பிடவில்லை.

விண்டோஸை எடுத்துவிட்டு முழுக் கணினியையும் நீயே வைத்துக்கொள் என்று சொல்லிப் பார்த்தேன். "உங்க தானம் எனக்கு வேணாம்" என்றாள். என் சாப்பாட்டை மேசையில் வைத்து மூடிவிட்டுப் போகிறாள். அவ்வளவுதான் பேச்சு.

நேற்று கணினி மறுபடி அந்தப் பேசாத திரையில் வந்து நின்றுவிட்டது. நான் அதே அறையில் நாற்காலியில் இருந்தேன். லென்ஸ் என் சட்டைப் பையில் இருந்தது. அவளுக்கும் அது தெரியும். கணினியைத் தொடாமல், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டு நர்ஸம்மா டூட்டி முடிந்து வரும்வரை உட்கார்ந்திருந்தாள்.