நீட் வாசலில் ஒரு மூக்குத்தி

மராத்தி பேசும் கட்கியில் எங்கள் குடியிருப்பில் பானுவைத் தெரியாதவர்கள் கிடையாது. தெரியாமல் இருக்க அவளும் விடமாட்டாள். மூன்றாம் மாடிக்காரியிடம் பேச வேண்டுமென்றால் கீழே நின்றபடியே பேசுவாள். நடுவில் இருக்கும் எங்களுக்கெல்லாம் அந்த வீட்டு விஷயம் இலவசமாகக் கிடைத்துவிடும். பத்து வருஷமாக அவளுக்கு அடுத்த வீட்டில் குடியிருக்கிறேன். என் காது இன்னும் வேலை செய்வதே பெரிய விஷயம்.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். புருஷன் சின்னதுரை வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஃபிட்டர், வாயில்லாப் பூச்சி. வந்த புதிதில் அவளுக்கு இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. காய்கறிச் சந்தையில் சண்டை போட்டுப் போட்டே மராத்தி கற்றுக்கொண்டாள். இந்தி அதற்குப் பிறகுதான் வந்தது, அதுவும் பாதி மராத்தியாகத்தான் வந்தது. இப்போது ஒரு நர்சிங் ஹோமில் ஆயா வேலை. இங்கே ஆயாக்களை 'மாவ்ஷி' என்று கூப்பிடுவார்கள். சித்தி என்று அர்த்தம். கூப்பிடும் பெயரில்தான் உறவு, வேலை என்னவோ பெட்பேன் எடுப்பதுதான்.

அந்த வேலையில் அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் ஒருநாள் அங்கே புதிதாகச் சேர்ந்த ஒரு டாக்டர் பெண்ணைப் பற்றி என்னிடம் சொன்னாள்.

"சின்னப் பிள்ளக்கா. நம்ம வைஷுவவிட ஏழெட்டு வயசு மூத்தவளா இருப்பா. அவ உள்ள வந்தா பெரிய பெரிய ஆளெல்லாம் எந்திச்சு நிக்கான். அவ பாட்டுக்கு நிமிந்து நடந்து போறா. பாக்கவே எனக்கு ஆசையா இருந்துச்சு."

வைஷு என்கிற வைஷாலி அவளுடைய ஒரே மகள். அன்றைக்கு முடிவானதுதான் அவள் டாக்டராவது. நல்லவேளையாக வைஷுவுக்கும் அந்த ஆசை இருந்தது. இல்லாவிட்டால் அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

பன்னிரண்டாவது முடித்து எழுதிய முதல் நீட் தேர்வில் மார்க் கொஞ்சம் குறைந்துபோனது. தனியார் கல்லூரியெல்லாம் இவர்கள் எட்டிப் பார்க்க முடியாத இடம். இன்னும் ஒரே ஒரு வருஷம், அதற்குமேல் முடியாது, கிடைக்காவிட்டால் பி.எஸ்.ஸி. சேர வேண்டியதுதான் என்று சின்னதுரை சொல்லிவிட்டார். அவர் வாய் திறந்து சொன்னால் அது முடிந்த பேச்சு.

அந்த ஒரு வருஷம் வைஷு மட்டுமா படித்தாள்? நாங்கள் எல்லோருமே பரீட்சைக்குத் தயாரானோம். தேர்வு மதியத்தில் நடப்பதால், ஞாயிறுதோறும் அதே நேரத்தில் வீட்டில் மாதிரித் தேர்வு. இரண்டு மணிக்கு மேல் எங்கள் வராந்தாவில் ஒருவர் வீட்டிலும் மிக்ஸி ஓடக்கூடாது, குக்கர் விசில் அடிக்கக்கூடாது. சர்ச்சில் பூசை முடிந்து திரும்பி, ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கு மசாலா அரைக்க நான் எத்தனை அவசரப்பட்டேன் என்பது என் வீட்டுக்காரருக்குத் தெரியும். சின்னதுரை கிரிக்கெட்டைச் சத்தம் இல்லாமல் பார்த்தார். அவுட்டானால்கூட அந்த மனுஷன் மூச்சு விடவில்லை.

பானுவின் பங்கு, நேர்ச்சை. ஜலதோஷம் என்றாலே ஒரு சாமியிடம் பேரம் பேசிவிடுகிறவள் அவள். மழைக்காலம் முடிகிற சமயம் வைஷுவுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கேட்க வேண்டுமா? ரத்த அணுக்கள் குறைந்துகொண்டே போன அன்று, படுக்கைக்குப் பக்கத்தில் நின்று சங்கரன்கோவில் கோமதி அம்மனிடம் உரத்த குரலில் பேசினாள்.

"தாயே, பிள்ளைய எழுப்பி விட்டுரு. ஒன்னயப் போலவே அவளுக்கும் மூக்குத்தி போட்டுக் கூட்டிட்டு வாரேன்."

பிள்ளை எழுந்துவிட்டாள். தை மாசம் மூக்கும் குத்தியாகிவிட்டது. சிவப்புக் கல் வைத்த தங்க மூக்குத்தி வைஷுவுக்கு அழகாகவே இருந்தது. அவர்கள் பக்கத்தில் ஒரு வழக்கம்: நேர்ந்து போட்ட நகையைச் சந்நிதியில் காட்டும்வரை கழற்றக் கூடாது. தேர்வு முடிந்த வாரமே ஊருக்குப் போக டிக்கெட் எடுத்திருந்தார்கள். நான் சிரித்தேன். வேளாங்கண்ணிக்கு மெழுகுவர்த்தி நேர்ந்தவள் சிரிக்கலாமா என்று அவள் திருப்பிக் கேட்டாள். 

ஏப்ரல் கடைசியில் சண்டை ஆரம்பமானது. தேர்வுக்கு நகை எதுவும் போட்டு வரக் கூடாது, மூக்குத்தியும் சேர்த்துத்தான்.

"மம்மி, ரூல் இருக்கு. முன்னாலயே எடுத்துடலாம்," என்றாள் வைஷு.

"தாலியோட வந்தா விடுதாவல்ல? இதும் சாமிக்குப் போட்டதுதான? கேட்டாக் கழட்டுவோம், கேக்காட்டி எதுக்குக் கழட்டணும்?"

நம் ஜனங்களுக்கே உரிய நியாயம் இது. ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு போலீஸைக் கண்டதும் தலையில் வைக்கிறோமே, அதே நியாயம். சின்னதுரை தலையைச் சொறிந்தார். படிக்கிற பிள்ளைக்கு முன்னால் வாக்குவாதம் வேண்டாம் என்று விஷயம் அப்படியே நின்றுபோனது.

மே மாத ஞாயிறு வந்தது. தேர்வு மையம் கேம்ப் என்கிற பகுதியில் ஒரு பள்ளிக்கூடம், எங்கள் சர்ச்சிலிருந்து கூப்பிடு தூரம். கூட வரச்சொல்லி என்னையும் இழுத்துக்கொண்டாள் பானு. கோமதி அம்மனோடு மாதாவையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளலாம் என்ற கணக்கு. எங்களுக்கு வழக்கமாக வரும் ரஃபீக் பாயின் ஆட்டோவில் போனோம். அவரும் தமிழ்தான், வாணியம்பாடிக்காரர். வெயில் மண்டையைப் பிளந்தது. வாசலில் நல்ல கூட்டம். வரிசை மெல்ல நகர்ந்தது. வைஷு உள்ளே போனதைப் பார்த்துவிட்டு நாங்கள் மர நிழலுக்கு ஒதுங்கினோம்.

கொஞ்ச நேரத்தில் அவள் திரும்பி வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"கழட்டச் சொல்றாங்க. திருகு சுத்தவே மாட்டேங்குது."

பானு முயன்றாள், நான் முயன்றேன். மூக்கு சிவந்ததுதான் மிச்சம். அப்போதுதான் பானுவின் கை சட்டென்று நின்றது. அவள் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதே இல்லை.

"ஏங்க... கழண்டு விழுந்துரக் கூடாதுன்னு ஆசாரிட்டச் சொல்லி உள்பக்கம் முனைய நெளிச்சு விடச் சொன்னேன். மறந்தே போச்சு."

தங்கம் தொலைந்துவிடுமே என்று நம் வீடுகளில் செய்கிற காரியம்தான். திருகாணியின் முனையைக் குறடால் நசுக்கிவிட்டால் அது ஜென்மத்துக்கும் கழன்று விழாது. கழற்றவும் முடியாது.

சின்னதுரை மனைவியைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன்.  வாசலுக்கு ஓடிப்போய்ச் சோதனை போடும் பெண்மணியைக் கும்பிட்டார். மேலே பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ளட்டுமா என்று நான் எனக்குத் தெரிந்த இந்தியில் கெஞ்சினேன். அந்தப் பெண் கெட்டவள் இல்லை. தன் கையில் எதுவும் இல்லை, கேட்டை மூடுவதற்குள் கழற்றிவிட்டு வரச் சொல்லுங்கள் என்று பரிதாபமாகச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை, நகைக்கடைத் தெருவில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது.

வைஷு அழ ஆரம்பித்துவிட்டாள். "ஒரு வருஷம் மம்மி, ஒரு வருஷம்," என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.  உண்மையைச் சொன்னால், அந்த நிமிஷம் பானுவை ஓர் அறை விட்டிருப்பேன்.

"கட்டிங் பிளேயர் இருக்கும்மா," என்று ரஃபீக் பாய் ஆட்டோ சீட்டைத் தூக்கி எடுத்து வந்தார். என் கைப்பையிலிருந்த சானிடைசரை அதன்மேல் முழுதாகக் கவிழ்த்தேன். சின்னதுரை அதை வாங்கினார். நாள் முழுக்க இரும்போடு புழங்குகிற கை, மகளின் மூக்குக்கு அருகில் போனதும் தயங்கியது. கிட்டே கொண்டுபோனார், எடுத்தார், மறுபடி கொண்டுபோனார்.

"என்னால முடியாது பானு."

"இங்க தாங்க."

பானு மகளின் தாடையை ஒரு கையால் பிடித்தாள். "ஏட்டி, அழாத. மூச்ச அடக்கு. அசையாத." கல்லை விரலால் மெல்ல இழுத்தாள். கல்லுக்கும் தோலுக்கும் நடுவில் ஓர் அரிசி நுழையும் அளவுக்குத் தண்டு தெரிந்தது. அதில் பிளேயரை வைத்து ஒரே அழுத்து. தங்கம் மெதுவானதுதானே, வெட்டுப்பட்டது. மீதியை உள்ளிருந்து உருவினாள். ஒரு சொட்டு ரத்தம் வந்தது, முந்தானையால் ஒற்றினாள்.

"ஓடு!"

வைஷு ஓடினாள். அவள் உள்ளே போய்க் கொஞ்ச நேரத்திலேயே கேட்டைச் சாத்திவிட்டார்கள். கல் எங்கே விழுந்தது என்று பானு குனிந்துகூடப் பார்க்கவில்லை. சின்னதுரைதான் தேடி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பிறகு நாங்கள் மரத்தடியில் உட்கார்ந்தோம். சின்னதுரை திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் போய்க் கரும்புச்சாறு வாங்கி வந்து முதல் தம்ளரை அவளிடம் நீட்டினார். அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"அம்மனுக்கு என்ன சொல்லப்போற?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை.

"என்ன சொல்ல? போடுதேன்னேன், போட்டாச்சு. அவளும் பொம்பளதான, புரிஞ்சுக்கிடுவா." கொஞ்சம் பொறுத்து, "புரியாட்டி என்ட்ட வரட்டும், பிள்ளட்டப் போவேண்டாம்," என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். முன்பு வந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

ஐந்து மணிக்கு மேல் பிள்ளைகள் வெளியே வந்தார்கள். அழுதுகொண்டு சிலர், விடைகளை ஒப்பிட்டுச் சண்டை போட்டுக்கொண்டு சிலர். வைஷு கடைசியில் வந்தாள். மூக்கு வீங்கியிருந்தது. ஆனால் அந்த நிமிர்ந்த நடையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"முதல்ல ஒண்ணுமே ஓடல. அப்புறம் பயாலஜி பாத்தேன், எல்லாம் தெரிஞ்சது. ஃபிசிக்ஸும் ஓகே மம்மி. நல்லா எழுதிருக்கேன்."

நல்லாத்தான் எழுதியிருந்தாள். ஜூனில் வந்த மார்க்குக்கு அரசுக் கல்லூரியிலேயே இடம் கிடைத்தது. அது பின்னால் நடந்தது. அன்றைக்கு எங்களுக்கு மார்க்கெல்லாம் நினைவிலேயே இல்லை. பிள்ளை எழுதிவிட்டாள் என்பதே போதுமாக இருந்தது. சின்னதுரை காரணமே இல்லாமல் சிரித்தார். ரஃபீக் பாய் வடாபாவ் வாங்கி எல்லோருக்கும் நீட்டினார், நானும் அதோடு வந்த பச்சை மிளகாயைக் கடித்துக் கண்ணில் தண்ணீர் விட்டேன்.

ஆட்டோ கேம்ப்பைத் தாண்டுவதற்குள் வைஷு தூங்கிவிட்டாள். பாதி தின்ற வடாபாவ் கையில் இருந்தது, வாய் திறந்திருந்தது, தலை பானுவின் தோளில் கிடந்தது. சிக்னலில் பின்னால் நின்றவன் ஹாரன் அடித்ததும், பானு ஆட்டோவுக்கு வெளியே தலையை நீட்டி, வெறும் மூச்சுக் குரலில் மராத்தியில் அவனைத் திட்டினாள். பிறகு முன்பக்கம் குனிந்து ரஃபீக் பாயிடம் கிசுகிசுத்தாள்.

"வீட்டுக்கு இப்போ வேண்டாம் பாய். இப்படியே ஒரு சுத்து சுத்துங்க. பிள்ள தூங்கட்டும்."