முதல் முடி

கும்மிடிப்பூண்டியில் ஒரு கணினிக் கடையில்தான் அந்தப் புகைப்படக்காரரைப் பார்த்தேன். ஒல்லியான மனிதர். கழுத்தில் தொங்கிய கேமராவின் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாகவே இருந்தார். பெரியபாளையம் கோயிலில் ஒரு குழந்தைக்கு மொட்டையடித்ததைப் படமெடுத்து, இங்கே வாங்கிய, படங்களைச் சேமிக்கும் சின்ன எஸ்.எஸ்.டி. டிரைவில் ஏற்றிவிட்டு, கேமராவில் அழித்திருக்கிறார். இப்போது ஒரு படமும் திறக்கவில்லை.

“இத்துனூண்டுல அவ்ளோ அடங்குமான்னு அன்னிக்கே கேட்டேன். சிப்புல மாடி மேல மாடி கட்றாங்க, அடங்கும்னு நீதானே சொன்ன?”

“இப்பல்லாம் அப்படித்தாண்ணே வருது. வேற பீஸ் தரேன்” என்றார் கடைக்காரர்.

புகைப்படக்காரர் மேசையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்து டிரைவின் உறையைப் பிளந்தார். உள்ளே, போனில் போடும் சின்ன மெமரி கார்டு ஒன்றை ஒட்டியிருந்தார்கள். அதில் கொஞ்சந்தான் கொள்ளும். அதற்கு மேல் ஏற்றியதில் முன்னதும் கெட்டு, படங்களெல்லாம் பெயருக்குத்தான் பதிவாகியிருந்தன.

“புள்ளையோட முதல் முடி. அவங்கம்மா ஸ்டுடியோல குந்தினுகீறாங்க. திரும்ப எடுக்கணும்னா முடிய நீ ஒட்டித் தருவியா?”

கடைக்காரர் நீட்டிய புதுப் பெட்டியைத் தொடாமலே புகைப்படக்காரர் இறங்கிப் போனார். கடைக்காரர் அதைத் துடைத்து மறுபடியும் கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டு, “உங்களுக்கு இன்னா சார் வேணும்?” என்றார்.

நான் எதுவும் வாங்காமல் வெளியே வந்தேன். அந்தத் தாயின் முன்னால் போய் நின்று அவர் என்ன சொன்னாரோ.