அடுப்பை மூடிய வெள்ளை மணல்

சென்ற மாதம் என்னை நீதிமன்ற வாசலில் பார்த்ததாக ஒரு வாசகர் தொலைபேசி எடுத்தார். குரலில் பாதி கவலை, பாதி ஆவல். "என்னக்கா, பத்தியில ஏதும் எழுதி மாட்டுப்பட்டிட்டீங்களோ?"

இல்லை ஐயா, இல்லை. வழக்கு என்மேல் அல்ல. ஆனால் என் நடைப்பயிற்சியின் பேரில் நடந்த வழக்கு என்று சொல்லலாம்.

எனக்குச் சீனி வருத்தம். இந்தப் பத்தியை ஒழுங்காக வாசிக்கிறவர்களுக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். காலையில் நடந்தே ஆகவேண்டும் என்பது டொக்டரின் கட்டளை. நான் நடப்பது மன்னார்த் தீவில், எங்கள் கடற்கரையோர வீதியில். அங்கே உள்ளூராட்சிச் சபை ஒரு பூங்கா அமைக்கப் போகிறது. நடைபாதை, வாங்குகள், வரிசையாக மின்விளக்குகள்... என்னைப் போன்றவர்கள் நடக்க, களைத்தால் உட்கார. நல்ல விஷயம்தானே?

நல்ல விஷயம்தான். ஒரேயொரு தடங்கல். பூங்கா வரவேண்டிய இடத்தில் ஆட்கள் இருக்கிறார்கள்.

கிடுகும் தறப்பாளுமாக ஒரு வரிசைக் கொட்டில்கள். சண்டைக் காலத்தில் ஊரை விட்டு ஓடி, முகாம் முகாமாக அலைந்து, திரும்பி வந்த மீனவக் குடும்பங்கள். சொந்த ஊர்க் காணி இன்னும் படையினரின் கம்பி வேலிக்குள். வாடகைக்கு வீடு எடுக்க வசதியில்லை. கடலுக்குப் பக்கத்தில் இருந்தால் தொழிலாவது செய்யலாம் என்று இங்கே கொட்டில் போட்டார்கள். தற்காலிகமாகத்தான் போட்டார்கள். பிறகு பிள்ளைகள் பிறந்தார்கள், பள்ளிக்கூடம் போகத் தொடங்கினார்கள். தற்காலிகம் என்பது எங்கள் நாட்டில் மிகவும் நீளமான சொல்.

சபை பொதுத்தொல்லை என்று வழக்குப் போட்டது. (எந்தச் சபை என்று கேட்காதீர்கள். சொன்னால் அந்த வாசகரின் கவலை உண்மையாகிவிடும்.) வீதியோரத்தை மறிக்கிறார்களாம், கரையின் அழகைக் கெடுக்கிறார்களாம். அதே வீதியின் நடுவே கழுதைகள் குடும்பத்தோடு படுத்திருக்கின்றன. பஸ்களே சுற்றிக்கொண்டு போகின்றன. அவற்றுக்கு யாரும் அழைப்பாணை அனுப்பியதாகத் தெரியவில்லை!

பிலோமினாவை எனக்கு நடைப்பயிற்சியில்தான் பழக்கம். அந்தக் கொட்டில்களில் ஒன்று அவருடையது. நாற்பது வயதிருக்கும். வலையிலிருந்து மீனைக் கழற்றிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "என்னக்கா, இண்டைக்கு நடை மெதுவாக் கிடக்கு?" என்று கேட்கிறவர். அவர் கூப்பிட்டுத்தான் நீதிமன்றம் போனேன். துணைக்கு ஒரு ஆள் வேண்டுமாம். எனக்கும் வேடிக்கை பார்க்கிற புத்தி கொஞ்சம் உண்டு.

சபைக்காக வந்த சட்டத்தரணி எழுந்தார். "இவை வீடுகள் அல்ல, கனம் நீதிவான் அவர்களே. வலையும் இயந்திரமும் வைக்கிற வாடிகள். வேலை முடிந்ததும் இவர்கள் வேறு எங்கோ போய்விடுகிறார்கள்."

பிலோமினா என் கையை இறுக்கிப் பிடித்தார். "எங்கயாம் போறம்? போறதுக்கு இடமிருந்தால் எங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கோ அக்கா." அடக்கிய குரலில்தான் சொன்னார். ஆனாலும் முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நீதிவான் இளையவர். நிதானமானவர். இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வாடி என்றால் அகற்றலாம். குடியிருக்கிறார்கள் என்றால், அவர்கள் எங்கே போவது என்பதைச் சபை முதலில் சொல்லவேண்டும். எது உண்மை என்று நானே வந்து பார்க்கிறேன்."

ஆக, முழு வழக்கும் ஒரே கேள்வியில் வந்து நின்றது. அந்தக் கரையில் ஆட்கள் குடியிருக்கிறார்களா, இல்லையா?

இதில் என்ன சந்தேகம்? வந்து பார்த்தால் தெரிந்துவிடும். நான் நிம்மதியாக வீட்டுக்குப் போய், தேத்தண்ணீருக்கு ஒரு கரண்டி சீனி கூடப் போட்டுக் குடித்தேன். என் டொக்டர் இந்தக் கிழமை பத்திரிகை வாங்காமல் இருப்பாராக.

எங்கள் கரையோர ஆட்களின் குணத்தை நான் மறந்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் திருநாள் காலத்தில் மாதாவின் சொரூபம் வீடு வீடாக வரும். வருகிற அன்றைக்கு வீட்டில் வீடே இருக்காது! சட்டி பானை, பாய், தலையணை, கொடியில் தொங்குகிற உடுப்பு எல்லாம் கண்ணில் படாத இடத்துக்குப் போய்விடும். கடற்கரையிலிருந்து புது வெள்ளை மணலை அள்ளிவந்து முற்றம் முழுக்கப் பரப்புவார்கள். நடுவில் வெள்ளைத்துணி விரித்த ஒரு மேசை. அவ்வளவுதான். ஆயர் வந்தாலும் இதே ஏற்பாடு. பெண் பார்க்க வந்தாலும் இதே ஏற்பாடு. பெரிய ஆட்கள் வருகிறபோது நம்முடைய கரிச்சட்டியையா காட்டுவது?

அப்படியானால் நீதிவான் வந்தால்?

அவர் வருவதாக இருந்த காலையில் நான் கொஞ்சம் முந்தியே போனேன். போனவள் அப்படியே நின்றுவிட்டேன். கண் கூசியது. கொட்டில்களின் உள்ளும் புறமும் ஒரே வெள்ளை மணல். ஒரு சட்டியில்லை. ஒரு பாயில்லை. வாசல்களில் குருத்தோலைத் தோரணம். வலைகள் மட்டும் மடித்து அடுக்கியபடி ஓரமாக இருந்தன. பெண்கள் எல்லோரும் பூசைக்குப் போகிற சீலையில். பிள்ளைகள் தலைக்கு எண்ணெய் வைத்து, கையில் பூவோடு வரிசையாக.

"சட்டி பானை எல்லாம் எங்க?" என்றேன்.

"கோயில் மண்டபத்தில அடுக்கிப்போட்டம் அக்கா," என்றார் பிலோமினா. முகம் முழுக்கப் பெருமை. "பாய் படுக்கையும் அங்கதான். இரவு ஒருத்தரும் நித்திரை கொள்ளேல்லை. எப்பிடி, வடிவாக் கிடக்கோ?"

வடிவாகத்தான் கிடந்தது. நான் அவரை ஓரமாக இழுத்தேன். "பிலோமினா, அவர் உங்கட சட்டி பானையைப் பாக்கத்தானே வாறார்! நீங்கள் இருக்கிறீங்களோ இல்லையோ எண்டு பாக்கத்தானே வாறார்!"

அவருடைய முகத்திலிருந்த பெருமை போன இடம் தெரியவில்லை. வாயைத் திறப்பதற்குள் வாகனம் வந்து நின்றது.

நீதிவான் இறங்கினார். ஒரு பிள்ளை பூவைக் கொடுத்தது. வாங்கிக்கொண்டார். வெள்ளைத்துணி விரித்த கதிரையைக் காட்டினார்கள். உட்காரவில்லை. கொட்டில் கொட்டிலாகப் போய்ப் பார்த்தார். பின்னால் சபை அதிகாரி. அவருக்கு நடையிலேயே சந்தோசம் தெரிந்தது. "பாருங்கோ ஐயா. வலை மட்டும்தான் கிடக்கு. இதைத்தான் நாங்கள் கோட்ஸில சொன்னனாங்கள்."

நீதிவான் கைக்குழந்தையோடு நின்ற ஜெசிந்தாவிடம் கேட்டார். பிலோமினாவின் பக்கத்துக் கொட்டில்காரி அவள். "நீங்கள் எங்க சமைக்கிறனீங்கள்?"

"அதெல்லாம் ஒழுங்காத்தான் செய்யிறம் ஐயா."

"எங்க படுக்கிறனீங்கள்?"

"ஒருத்தருக்கும் கரைச்சல் குடுக்காமல் படுத்தெழும்புறம் ஐயா."

எனக்கு நாக்கு துடித்தது. மண்ணில், மழை ஒழுக ஒழுக, நண்டு ஊருகிற தரையில் படுக்கிறோம் என்று சொல்லேன் பிள்ளை! சொல்லமாட்டாள். முன்பின் தெரியாத பெரிய மனிதரிடம் தன் வீட்டுக் குறையை எப்படிச் சொல்வாள்?

இந்த இடத்தில் எனக்கு வந்த கோபத்தை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். இல்லாதவர்கள் என்னதான் செய்யவேண்டும்? இடத்தைக் கூட்டாமல் வைத்திருந்தால், "பாருங்கள் குப்பையை, இதுதான் தொல்லை" என்கிறோம். கூட்டி வைத்தாலோ, "இங்கே யாருமே இல்லையே" என்கிறோம். என்னுடைய வீட்டில் விருந்தாளி வரும்போது நானும்தான் அலுமாரிக்குள் எல்லாவற்றையும் திணித்துக் கதவைப் பூட்டுகிறேன். அதற்காக நான் அந்த வீட்டில் இல்லை என்று யாரும் சொன்னதில்லையே...

ஒருவர் மண்டபத்துப் பக்கம் ஓடினார், சாமான்களைக் கொண்டுவர. அதிகாரி உடனே பிடித்துக்கொண்டார். "இப்ப கொண்டுவந்து வைக்கப் போகினம் ஐயா. எல்லாம் நாடகம்."

நீதிவான் கையை உயர்த்தினார். "ஒண்டும் கொண்டுவர வேண்டாம். இப்ப இருக்கிறதை மட்டும்தான் நான் பாக்கலாம்."

நியாயமான பேச்சு. ஆனால் இப்போது என்ன இருக்கிறது? வெறும் மணல். வாகனக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அவர் போய்விட்டால் அடுத்த வழக்கு நாளில் கொட்டில்கள் எல்லாம் வாடிகள் ஆகிவிடும். அதற்குப் பிறகு கிடுகு கழற்ற ஆட்கள் வருவார்கள்.

"ஐயா, ஒருக்கா நில்லுங்கோ!"

பிலோமினாதான். பூசைச் சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு தன் கொட்டிலின் மூலையில் முழங்காலில் இருந்துவிட்டார். இரண்டு கையாலும் மணலை வாரி எறிந்தார். வெள்ளை மணல் போய்ச் சாம்பல் நிறம் வந்தது. பிறகு கறுப்பு. கரித்துண்டு, மீன்முள், உடைந்த சட்டி ஓடு. அவர் நிறுத்தவில்லை. கை முழங்கை வரை உள்ளே போயிற்று. அங்கேயும் சாம்பல்தான்.

"வடிவா இருக்கட்டுமெண்டு நாங்கள்தான் மண் போட்டு மூடினனாங்கள் ஐயா. பிழை எங்கட. ஆனால் இது என்ர அடுப்பு. இப்ப நான் ஒண்டும் கொண்டுவரேல்லை, உள்ளுக்குக் கிடந்ததைத்தான் காட்டுறன். ஒரு நாள் எரிச்சு இவ்வளவு சாம்பல் வருமோ? என்ர பிள்ளையளுக்குச் சோறு காய்ச்சின சாம்பல் இது. நாங்கள் இங்கதான் இருக்கிறம்."

 பிறகு ஜெசிந்தா குழந்தையை என் கையில் தந்துவிட்டுத் தன் கொட்டிலுக்குள் ஓடினாள். அவளும் கிளறினாள். அடுத்த கொட்டிலில் அடுத்தவள். இரவிரவாகச் சுமந்து வந்து பரப்பிய மணலை அந்த வரிசை முழுக்கப் பெண்கள் கிளறி எறிந்துகொண்டிருந்தார்கள். ஒருவராவது அழவில்லை. அழுவதற்கு அவர்களுக்கு நேரமும் இல்லை. எனக்குத்தான் கண் கலங்கியது. குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு துடைக்கவும் முடியவில்லை.

"வாடியிலயும் தேத்தண்ணி வைக்கிறவைதானே ஐயா," என்றார் அதிகாரி. விடாக்கண்டர்.

நீதிவான் ஜெசிந்தாவின் கொட்டிலுக்குள் குனிந்து போனார். அண்ணாந்து பார்த்தார். கூரையின் குறுக்குத் தடியில் ஓரிடம் மட்டும் தேய்ந்து வழுவழுத்துப் போயிருந்தது. "இதென்ன?"

"ஏணை கட்டுறது ஐயா," என்றாள் ஜெசிந்தா, கரிக்கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு. "மூண்டு பிள்ளையளும் அதிலதான் ஆடினது."

நீதிவான் அதிகாரியைத் திரும்பிப் பார்த்தார். "வாடியில பிள்ளைக்கு ஏணை கட்டுறவையோ?"

அதிகாரி தன் கைத்தொலைபேசியில் எதையோ மும்முரமாகத் தேடினார்.

தீர்ப்பு சுருக்கமாக வந்தது. இங்கே மக்கள் குடியிருக்கிறார்கள். போக இடம் காட்டாமல் ஒரு கிடுகையும் கழற்றக்கூடாது. காட்டுகிற இடம் இவர்கள் தொழிலுக்குப் போகக்கூடிய இடமாக இருக்கவேண்டும். நான் எழுந்து கை தட்டியிருப்பேன். நீதிமன்றம் என்பதால் இருமுவதோடு நிறுத்திக்கொண்டேன்.

சபையும் இடம் காட்டியது — உயிலங்குளத்துப் பக்கம்! அருமையான இடம். பச்சை வயல், நிறைந்த குளம், நல்ல காற்று. கமம் செய்கிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். காட்டக் கூட்டிப்போனவரிடம் பிலோமினா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கேட்டாராம்: "எல்லாம் நல்லாத்தான் கிடக்கு ஐயா. வலையை வரப்பிலயோ காயப்போடுறது? விடியக் கடலுக்குப் போற மனிசன் எத்தினை மணிக்கு பஸ் பிடிக்கிறது?"

மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். நீதிமன்றத்திலும் அதையே சொன்னார்கள். கரைக்குக் கிட்டவாக வேறு இடம் பார்க்கும்படி நீதிமன்றம் சபைக்குச் சொல்லியிருக்கிறது. இன்னும் முடியவில்லை. எப்போது முடியும் என்றும் தெரியாது. ஆனால் அவர்கள் அசைவதாக இல்லை.

சில வாசகர்கள் என்மேல் கோபப்படலாம். ஊருக்குப் பூங்கா வேண்டாமா? வேண்டும். நானே முதல் ஆளாக நடப்பேன். ஆனால் ஒருத்தியின் அடுப்பின் மேல் போட்ட வாங்கில் உட்கார்ந்து களைப்பாற என்னால் முடியாது. முதலில் அவர்களுக்கு வீடு. பிறகு எனக்கு வாங்கு. அதுவரை நின்றபடி களைப்பாறுகிறேன், சீனியும் நின்றபடியே குறையட்டும்.

போன கிழமை காலை நடையில் பிலோமினாவின் கொட்டிலடியில் நின்றேன். எல்லாம் பழையபடி. கொடியில் உடுப்பு, மூலையில் பாய், அடுப்பில் உலை. அவர் வாசலுக்கு உள்ளே இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தார். அப்போது அதே அதிகாரி, கையில் அளவு நாடாவோடு வந்தார். மாற்று இடம் கொடுப்பதற்கு ஒவ்வொரு குடும்பமும் இப்போது இருக்கிற இடத்தை அளக்கவேண்டுமாம். தறப்பாளை விலக்கிக்கொண்டு ஒரு காலை உள்ளே வைக்கப் போனார்.

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ளுக்கு வாங்கோ ஐயா," என்றார் பிலோமினா. மரியாதையாகத்தான் சொன்னார். கத்தி நிற்கவில்லை.

அதிகாரி தறப்பாளைப் பார்த்தார். பிலோமினாவைப் பார்த்தார். என்னையும் ஒருதரம் பார்த்தார். பிறகு குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்தார்.

வாடிக்குள் போகிற யாரும் சப்பாத்துக் கழற்றுவதில்லை, கவனித்திருக்கிறீர்களா?