அருள்நாயகத்தின் பெயருக்கு முன்னால்

ஸ்காபரோவில் இருக்கிற அந்தத் தமிழ்ப் பங்கில் வேரோனிக்காவைத் தெரியாத ஆள் இல்லை. வயது அறுபது. வேலை ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில், இருப்பு ரூஜ் பக்கம் ஒரு பேஸ்மெண்டில், ஞாயிறு பூசைக்கு எப்பவும் முன்வரிசை வாங்கு. மன்னார்ப் பேசாலையில் இவவின்ர புருசன் அருள்நாயகம் கடலுக்குப் போய்த் திரும்பி வராத கதை எல்லாருக்கும் தெரியும். கார்த்திகை மாதம் செத்த ஆத்துமாக்களுக்குப் பூசை வைக்கேக்க ஆளாளுக்குத் தங்கட வீட்டில் செத்தவையின்ர பேரைக் குடுப்பினம். வேரோனிக்கா தாயின்ர பேர் குடுப்பா, தகப்பன்ர பேர் குடுப்பா, ஒரு வருசமாவது அருள்நாயகத்தின்ர பேரைக் குடுத்ததில்லை. "பாவம், அவ இன்னும் நம்பிக் காத்திருக்கிறா" எண்டு சனம் உருகும். பாதர் றொய்சன் ஒருக்கால் பிரசங்கத்திலேயே சொல்லிப்போட்டார், விசுவாசம் எண்டால் என்னெண்டு வேரோனிக்கா அன்ரியைப் பார்த்துப் படியுங்கோ எண்டு. அவ தலையைக் குனிஞ்சுகொண்டு இருந்தா. சனம் அதையும் அடக்கம் எண்டுதான் எடுத்தது.

அடக்கமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அருள்நாயகம் சாகேல்லை எண்டது அவவுக்கு நல்லாத் தெரியும்.

சண்டைக் காலத்தில் அந்தாள் மீன்பிடியை விட்டிட்டு இராமேஸ்வரத்துக்குச் சனம் ஏத்தின ஆள். ஒரு முறை போன வள்ளம் வரேல்லை. நேவி சுட்டிருக்கும் எண்டு ஊரே வந்து முற்றத்தில் இருந்து அழுதது. ஷாமிலாவுக்கு அப்ப பால்குடி மறக்காத வயது. அடுத்த வருசம் மச்சான் ஒருத்தன் இந்தியாவிலிருந்து திரும்பி வந்து, ஆள் மண்டபம் அகதி முகாமில் இருந்து இப்ப திருச்சியில் இருக்கிறார், அந்த வள்ளத்தில் ஏத்திக்கொண்டு போன பெட்டையோட இருக்கிறார், கையில் ஒரு பிள்ளையும் இருக்கு எண்டான். வேரோனிக்கா அவனுக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுத்திட்டு, "தம்பி, இதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாத" எண்டா. கொஞ்ச நாளில் அந்த மச்சானும் ஆமி அடிச்ச செல் விழுந்து செத்துப்போனான். செய்தி அவனோட போயிட்டுது.

குற்றம் சொல்ல எனக்கு வாய் வரேல்லை. கடல் கொண்டுபோனவன்ர பெண்சாதிக்கு ஊர் கதிரை போட்டு இருத்தும். இன்னொருத்தியோட போனவன்ர பெண்சாதியை, உவளில என்ன பிழையோ எண்டு கேட்கும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. கனடாவில் அகதிக் கேஸ் குடுக்கேக்கயும் கடல் கொண்டுபோட்டுது எண்டுதான் சொன்னா, மகள் அப்பா எங்கையெண்டு கேட்க வாய் திறந்த நாளும் அதைத்தான் சொன்னா. கோயிலில் மட்டும் ஏலாமல் போச்சு. உயிரோட இருக்கிற மனிசனுக்குச் செத்தவன்ர பூசை வைக்கிறது கையால கொலை செய்யிறது மாதிரி எண்டு அவவுக்கு ஒரு பயம்.

இப்ப ஷாமிலாவுக்குக் கலியாணம். மாப்பிள்ளை பிரியந்தன், யூனியன்வில் பக்கத்து ஆட்கள், கோயில் குளம் பார்க்கிற குடும்பம். கலியாணத்துக்கு முதல் தாய் போர்த்துக்கலில் இருக்கிற பாத்திமா மாதாவிட்டப் போய் வரட்டும் எண்டு பங்கு யாத்திரைக்குக் காசு கட்டினதும் ஷாமிலாதான். பியர்சன் விமான நிலையத்தில் பெட்டியை இறக்கி வைச்சிட்டு அவள் கேட்டாள்:

"அம்மா, கார்ட் அடிக்கக் குடுக்கப் போறன். அப்பான்ர பேருக்கு முன்னால காலஞ்சென்ற எண்டு போடுறதோ, வேண்டாமோ?"

எங்கட கலியாணக் கார்ட்டில் அது ஒரு சின்ன விசயமில்லை. அந்தச் சொல் இருந்தால் ஆள் இல்லை. அந்தச் சொல் இல்லாட்டி, ஆள் எங்கை, ஏன் மண்டபத்துக்கு வரேல்லை எண்டு மாப்பிள்ளை வீடு கேட்கும்.

"நீயே பார்த்துப் போடன் பிள்ளை."

"இல்லையம்மா. நீங்கள் உங்கட வாயால சொல்லுங்கோ. வியாழக்கிழமை வரைக்கும் பிரிண்டர் வெயிட் பண்ணுவார்."

முழுப் பூசணிக்காயைச் சோத்துக்குள்ள மறைக்கிறது எண்டு சொல்லுவினம். இத்தனை வருசமா மறைஞ்சிருந்தது. இப்ப அதைத் தட்டில் போட்டுப் பந்தியில் வைக்கச் சொல்லி மகளே கேட்கிறாள். பாத்திமாவில் இரண்டு நாளும் முழந்தாளில் நிண்டு வேரோனிக்கா மாதாவிட்ட வேற ஒண்டும் கேட்கேல்லை. மாதாவும் ஒண்டும் சொல்லேல்லை.

வியாழக்கிழமை விடிய, பழைய நகரங்களும் கரையோர ஊர்களும் பார்க்கிற சுற்றுலா. பஸ்ஸில் முன்னுக்கு வழிகாட்டி இசபெல் இங்கிலீசில் சொல்லச் சொல்ல, யாத்திரைக்கு ஆள் சேர்த்த மாக்கஸ் மைக்கைப் பிடிச்சுத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். மாக்கஸ் சும்மா மொழிபெயர்க்கிற ஆள் இல்லை, உப்புப் புளி போடுவார். "இந்தப் பறங்கியள்தான் மன்னார்க் கோட்டையைக் கட்டினவங்கள். எங்களை வேதத்துக்குத் திருப்பினவங்களும் இவங்கள்தான். இண்டைக்கு நாங்கள் வந்திருக்கிறம், கணக்குக் கேட்க இல்லை, செல்ஃபி எடுக்க." பஸ் சிரிச்சது. வேரோனிக்காவும் வாயால சிரிச்சா.

முதலில் ஒபிடோஸ். சுத்திவர மதில், உள்ளுக்கு வெள்ளை வீடுகள், ஒடுங்கின கல்லு ஒழுங்கை. ஒரு கடையில் யாரோ அன்ரி கையைக் காட்டி "பாண்" எண்டு கேட்க, கடைக்காரி ஒரு யோசனையும் இல்லாமல் பாணை எடுத்துக் குடுத்தாள். பாண் அவங்கட சொல்லும்தானாம், அதுக்கு ஒரே ஆரவாரம். மற்ற ஆட்கள் மதிலில் ஏற, வேரோனிக்கா முழங்கால் நோவைச் சொல்லிக் கீழ இருந்திட்டா. போன் அதிர்ந்தது. ஷாமிலாவின்ர மெசேஜ்: "அம்மா, இண்டைக்குச் சொல்ல வேணும். போடுறதோ, விடுறதோ?"

"உண்மையைச் சொன்னால் என்ன?" எண்டு அந்தக் கல்லில் இருந்துகொண்டு முதல் தரமாக நினைச்சுப் பார்த்தா. ஷாமிலா கத்துவாள், அழுவாள், பிறகு விளங்கிக்கொள்ளுவாள். கனடாவில் வளர்ந்த பிள்ளை, தகப்பன் விட்டிட்டுப் போறது அங்க பெரிய புதினமில்லை. "பிள்ளை, உன்னோட ஒரு கதை இருக்கு" எண்டு எழுதினா. அனுப்பப் போக, மாக்கஸ் விசில் ஊதினார். எல்லாரும் பஸ்ஸுக்கு. எழுதினதை அப்பிடியே விட்டிட்டு எழும்பினா.

அடுத்தது நசரே, மீன்பிடி ஊர். பஸ்ஸால இறங்க முதலே கருவாட்டு மணம். கடற்கரையில் வலைத் தட்டுகளில் மீனைப் பிளந்து காயப் போட்டிருந்தினம், பக்கத்தில் கறுப்புச் சட்டையோட கிழவியள் இருந்து வித்துக்கொண்டிருந்தினம். எங்கட சனம் விடுமே? கொண்டுபோக விடுவாங்களோ எண்டு ஒருத்தரும் யோசிக்கேல்லை, பை பையா வாங்கிச்சினம். வேரோனிக்காவும் ஒரு பை வாங்கினா, கைப்பழக்கம்.

இசபெல் அந்தக் கறுப்புச் சட்டைக்காரிகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். முந்தி இந்த ஊரில் புருசன்மார் கடலுக்குப் போனால் பெண்டுகள் இந்த மணலில்தான் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருப்பினமாம். வராமல் விட்டவன்ர பெண்சாதி சாகும்வரைக்கும் கறுப்பாம். மாக்கஸ் இதுக்கு மட்டும் உப்புப் புளி போடேல்லை, குரலைத் தணிச்சுச் சொன்னார். சொல்லி முடிய, அத்தனை பேரும் திரும்பி வேரோனிக்காவைப் பார்த்திச்சினம்.

யாத்திரையோட வந்திருந்த பாதர் றொய்சன் கிட்ட வந்தார். கையில் வெள்ளைப் பூங்கொத்து ஒண்டு.

"அன்ரி, உங்களுக்குச் சொல்லாமல் நாங்கள் எல்லாரும் கதைச்சு ஒரு முடிவு எடுத்தனாங்கள். இவ்வளவு காலம் காத்திருந்தது காணும். அங்கிளுக்கு இண்டைக்கு இந்தக் கடலில் ஒரு மன்றாட்டுச் சொல்லுவம். நீங்கள் பூவைப் போடுங்கோ. மனம் ஆறும்."

"வேண்டாம் பாதர்."

"கஷ்டமாத்தான் இருக்கும் அன்ரி. நாங்கள் எல்லாரும் இருக்கிறம் தானே."

அவரில பிழையில்லை. நல்ல மனிசன். நல்ல மனிசர் சேர்ந்து செய்யிற அநியாயத்துக்குத் தடுப்பே இல்லை. வாயைத் திறந்து, "பாதர், அந்தாள் திருச்சியில இருக்கிறார்" எண்டு சொல்ல எவ்வளவு நேரம்? ஆனால் சுத்தி நிக்கிற பொம்பிளையள் எல்லாம் முந்தியே அழத் தொடங்கியிட்டினம். பக்கத்தில் நிண்டவ வேரோனிக்காவின்ர கையை இறுக்கிப் பிடிச்சா. அவவின்ர அண்ணனை உண்மையாவே நேவி கடலில வைச்சுச் சுட்டது. அந்தக் கைக்குள்ள தன்ர கை இருக்க வேரோனிக்காவுக்கு நா எழும்பேல்லை.

பாதர் நித்திய இளைப்பாற்றி மன்றாட்டைத் தொடங்கினார். அருள்நாயகம் எண்ட பேரைச் சொன்னார். எல்லாரும் ஒரே குரலில் மறுமொழி சொல்லிச்சினம். வேரோனிக்கா தண்ணிக்குள்ள இறங்கிப் பூவைப் போட்டா. அலை பெரிய அலை. பூவை எடுத்துக்கொண்டு போய், திருப்பிக் கொண்டுவந்து அவவின்ர சப்பாத்தில் போட்டது. மாக்கஸ் ஓடிவந்து அதைப் பொறுக்கித் தூர எறிஞ்சார்.

பஸ்ஸில் ஏறி இருந்து போனை எடுத்தா. "பிள்ளை, உன்னோட ஒரு கதை இருக்கு" எண்டது அப்பிடியே இருந்தது. அழிச்சா. "போடு" எண்டு எழுதி அனுப்பினா. இனி என்ன, முப்பது பேர் பார்க்க அடக்கம் செய்தாச்சு.

அங்கால இருந்து ஷாமிலா கேட்டாள்: "ஷுவராம்மா?"

"ஓம். போடு."

நாலு நாள் கழிச்சு பியர்சனில் ஷாமிலா வந்து ஏத்தினாள். கருவாடு எப்பிடியோ தப்பி வந்திட்டுது. கார் 401 ஹைவேயில் ஏறினாப் பிறகு அவள் பின்சீற்றைக் காட்டி, "கார்ட் வந்திட்டுது, எடுத்துப் பாருங்கோ" எண்டாள். வேரோனிக்கா கையை நீட்டி ஒண்டை எடுத்தா. தடிச்ச மட்டை, பொன் எழுத்து. 'காலஞ்சென்ற அருள்நாயகம், வேரோனிக்கா ஆகியோரின் செல்வப் புதல்வி.'

"வடிவா இருக்கு பிள்ளை."

"ம்." கொஞ்சத் தூரம் போக ஷாமிலா சொன்னாள், "திருச்சிக்கும் ஒண்டு அனுப்பினன்."

வேரோனிக்கா கார்ட்டை மடியில் கவிட்டு வைச்சா.

"ரெண்டு வருசமா எனக்குத் தெரியும் அம்மா. அவற்ற மகள் ஃபேஸ்புக்கில என்னைத் தேடிப் பிடிச்சவள். அவளுக்கு என்ர மூக்கு. நீங்கள் எப்ப சொல்லுவியள் எண்டு பார்த்துக்கொண்டே இருந்தன். கார்ட்டுக்கு நான் உங்களைக் கேட்க வேண்டிய தேவையே இல்லை. அதைக் கேட்டாலாவது சொல்லுவியள் எண்டுதான் கேட்டனான். ஷுவரா எண்டும் கேட்டன். அப்பவும் 'போடு' எண்டுதான் சொன்னியள்."

"பிள்ளை, நான்..."

"சொல்லாதேங்கோ. இப்ப சொல்லாதேங்கோ."

"அந்தாளுக்கு ஏன் அனுப்பினனீ?"

"அவர் மட்டும் என்ன? என்னை ஒரு நாளும் தேடேல்லைத் தானே. உங்கள் ரெண்டு பேருக்கும் ஒரு கார்ட் காணும்."

ஸ்காபரோ வந்திட்டுது. றோட்டில் கார்கள் வழமை மாதிரி. வேரோனிக்கா கேட்கக்கூடாது எண்டு நினைச்சுக்கொண்டே கேட்டா.

"பார்த்தவரோ?"

"பார்த்திட்டார். படமெடுத்து வாட்ஸப்பில அனுப்பினது, ரெண்டு நீலக் கோடும் விழுந்திட்டுது."

"ஒண்டும் எழுதேல்லையோ?"

"இல்லை."

மெடோவேல் எக்ஸிட்டில் ஷாமிலா சிக்னலைப் போட்டாள். முகம் தாய்ப் பக்கம் திரும்பேல்லை. கார் முழுக்கக் கருவாட்டு மணம்.

"இந்தக் கார்த்திகைக்கு அப்பான்ர பேரையும் குடுங்கோ அம்மா," எண்டாள். "இனி உங்களுக்குப் பயமில்லைத் தானே."