சாலம்மாளின் கேஸ்

கேஸ் என்றால் சாலம்மாளுக்கு இரண்டுதான் தெரியும். ஒன்று அடுப்புக்கு வருவது, இன்னொன்று போலீஸ் போடுவது. முதலாவது எப்போதாவது வரும். இரண்டாவது தன் வீட்டுப் பக்கம் வரவே கூடாது என்று அய்யனாரைக் கும்பிட்டுக்கொள்வாள்.

மூங்கில்துறைப்பட்டுக்குப் பக்கத்துக் கிராமம். அவளும் புருஷன் சின்னதுரையும் ஊர்ப் பெரிய நிலக்காரர் இளவரசனின் வயலில் கரும்பு வெட்டினார்கள். அவள் வெட்டிக் கட்டுவாள், அவன் சுமந்து டிரெய்லரில் ஏற்றுவான். அன்று மில்லுக்குக் கிளம்பிய லோடு ஏரிக்கரைத் திருப்பத்தில் கவிழ்ந்தது. ஓட்டியவன் இளவரசனின் மச்சான் சுபாஷ். காலையிலேயே குடித்திருந்தான். கவிழும்போது குதித்துத் தப்பிவிட்டான். கரும்புக்கு மேலே உட்கார்ந்திருந்த சின்னதுரை அடியில் போய்விட்டான்.

சின்னதுரையின் தம்பி கவியரசன் பின்னாலேயே வந்துகொண்டிருந்தான். அவனும், செய்தி கேட்டு வயலிலிருந்து ஓடிவந்த அவளுமாகச் சின்னதுரையை ஷேர் ஆட்டோவில் போட்டுக்கொண்டு ரோட்டோரத் தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். வாசலில் சீட்டு எழுதுகிறவர் கேட்டார்:

“என்ன கேஸ்?”

“கேஸெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. நாங்க எந்த வம்புக்கும் போவாதவங்க. வண்டி கவுந்துடுச்சுங்க.”

“அதாம்மா, ஆக்சிடெண்ட் கேஸ்.”

உள்ளே கொண்டுபோனார்கள். சீரியஸ் கேஸ், பெரிய ஊருக்குத்தான் கொண்டுபோகணும் என்றார்கள். ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கும்போது ஒரு நர்ஸ் வெளியே வந்து டாக்டரிடம் மெதுவாகச் சொன்னாள்: “சார், அந்த ஆக்சிடெண்ட் கேஸ் முடிஞ்சிருச்சு.”

சாலம்மாளுக்கு உயிர் வந்தது. கவியரசனிடம் ஓடினாள். “கேஸு முடிஞ்சிடுச்சாம்டா. இனிமே போலீசு கீலீசுன்னு நம்மள அலையவுட மாட்டாங்க.”

அவன் அவளையே பார்த்தான். பிறகு சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

கருமாதி முடிந்ததும் இளவரசன் ஆள் விட்டுக் கூப்பிட்டார். “கேஸ்கீஸுன்னு எவனாவது ஏத்திவுடுவான் சாலம்மா. காதுல வாங்காத. ஒன்னையும் புள்ளையையும் நான் பாத்துக்கறேன்.” அவள் தலையாட்டிவிட்டு வந்தாள். ஆனால் எதற்கோ ஒரு சான்று வாங்க ஸ்டேஷனுக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது.

“கேஸ் ஒன் புருஷன் மேலதாம்மா,” என்றார் ஏட்டு. “அவருதான் ஓட்டினாருன்னு இளவரசன் புகார். ஆளே இல்லாததால க்ளோஸ் ஆயிடுச்சு.”

“அவருக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதுங்களே!”

ஊரே அறிந்த விஷயம் அது. கல்யாணமான புதிதில் அவளைப் பின்னால் உட்காரவைத்து சைக்கிள் மிதிக்கப் பார்த்து, இரண்டு பேரும் வாய்க்காலில் விழுந்தார்கள். அதற்குப் பிறகு அவன் எங்கே போனாலும் நடைதான்.

செத்தவன் பேரில் பொய் நிற்கக் கூடாது. அந்த ஒரு ஆங்காரத்தில்தான் அவள் கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறினாள். வக்கீல் நிர்மலா கேட்டுவிட்டு, “கேஸ்ல பலம் இருக்கு. கண்ணால பாத்த சாட்சி வேணும்,” என்றார்.

“நான் சொல்றேன் அண்ணி,” என்றான் கவியரசன்.

சுபாஷ்தான் ஓட்டினான் என்று கேஸ் நடந்தது. இளவரசன் வயலில் அவளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. கல்வராயன் மலையிலிருந்து கரும்பு வெட்டுக்கு இறங்கும் ஆட்களோடு சேர்ந்து தூரத்து ஊர்களுக்குப் போனாள். வாய்தா நாளில் மட்டும் நல்ல புடவை கட்டினாள். ஒருநாள் கடைசிப் பஸ் போய்விட, வக்கீலின் குமாஸ்தா தன் வண்டியில் கொண்டுவந்து ஊர் எல்லையில் விட்டார். மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் அவளைப் பார்த்த தெருக்காரி குஞ்சம்மாள், தனக்கு அடுத்து நின்றவளிடம், “அது ஒரு மாதிரி கேஸுடி,” என்றாள்.

கோர்ட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைத்தாள் சாலம்மாள். “ஆமாக்கா, ஒரு மாதிரியாத்தான் போய்க்கினு இருக்குது. இன்னா பண்றது,” என்றாள்.

குழாயடியே சிரித்தது. வீட்டுக்கு வந்து மகள் எழில்மதியிடம் கேட்டாள். பெண் அழுதது. அழுகையிலிருந்து அர்த்தம் புரிந்துகொண்டாள்.

கேஸ் இழுத்த வருஷங்களில் எழில்மதி நர்ஸ் படித்து உளுந்தூர்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒருநாள் போனில், “எம்மா, இன்னிக்கு ஒரு கேஸ் என் கையிலயே போயிடுச்சு. சோறே எறங்கல,” என்றாள்.

“பேரு இன்னாடி?”

“தெர்லம்மா. வெளியூர் கேஸ்.”

சாலம்மாள் போனை வைத்துவிட்டாள். மகள் மறுபடி மறுபடி கூப்பிட்டும் எடுக்கவில்லை.

கடைசியில் கவியரசன் கூண்டில் ஏறினான். அவள் பக்கம் திரும்பவே இல்லை. “அண்ணன்தாங்க ஓட்டினாரு. அப்பப்ப ஓட்டுவாருங்க,” என்றான்.

பஸ் ஸ்டாண்டில் அவனைப் பிடித்தாள். “உங்கண்ணன் வண்டி ஓட்டுவாருன்னு எப்படா ஒனக்குத் தெரிஞ்சுது?”

“வூடு இருக்கற மனை இளவரசன் அய்யாவோடதுண்ணி. எழுந்து போன்னா, ரெண்டு புள்ளைங்கள வெச்சிக்கினு நான் எங்க போவேன்?”

அவன் பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டான்.

கேஸ் தள்ளுபடியானது. நிர்மலா ஆறுதலாகச் சொன்னார்: “அப்பீல் போவலாம்மா. கேஸ் இன்னும் உயிரோடதான் இருக்கு.”

“அதுவாச்சும் இருக்குதே,” என்று சொல்லிவிட்டு சாலம்மாள் படியிறங்கினாள். மறுபடி அந்தப் பக்கம் போகவில்லை.

போன பருவத்தில் புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த ஒருத்தி அவளோடு வெட்டுக்கு வந்தாள். வெகுளிப் பெண். ஏரிக்கரையைக் கடக்கும்போது, “இங்கதான் சின்னதுரைன்னு ஒருத்தர் குடிச்சிட்டு வண்டிய ஓட்டிக் கவுத்துட்டாராமே, தெரியுங்களா?” என்று கேட்டாள்.

இதைச் சொன்னது யார் என்று சாலம்மாள் கேட்டாள். ஊரே சொல்லுது என்றாள் அந்தப் பெண்.

“ஓட்டல,” என்றாள் சாலம்மாள்.

அந்தப் பெண் சரி என்றாள். நம்பியதாகத் தெரியவில்லை. இருவரும் வயலில் இறங்கினார்கள்.